அக்காவின் சிறுநீரகத்தில் படிந்த இரும்பும் என் பொறாமையும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நல்லதை மட்டும் எழுதும்படி அண்ணன் சொன்னார். அக்காவிடம் எழுதத்தக்க குறை எதுவும் இல்லை. குறை என்னிடம்தான் இருந்தது. அதை மறைத்தால் அக்காவைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும்.

அக்கா பிறந்தது காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில். ஒரு வயதுக்குள்ளேயே தலசீமியா என்று தெரிந்துவிட்டது. போதிய ரத்தத்தை உடம்பு தானாக உண்டாக்காத பிறவி நோய் அது. மாதம் ஒருமுறை அம்மா அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ரத்தம் ஏற்றி வருவார். பேருந்தில் ஜன்னலோர இருக்கை, திரும்பும்போது கமலா ஆரஞ்சு, அம்மாவின் மடி, எல்லாம் அக்காவுக்கு. என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுவார்கள். ஏழு வயதில் ஒருநாள் பள்ளியில் மயங்கி விழுந்ததுபோல் நடித்தேன். அம்மா வரவில்லை. அன்று அக்காவுக்கு ரத்தம் ஏற்றும் நாள்.

படிப்பிலும் அவரே முந்தினார். பட்டுச்சேலைக்கான பூவேலையைக் கணினியில் வரையக் கற்று, காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என் கல்யாணச் சேலையை அவர்தான் வரைந்தார். வந்தவர்கள் சேலையைப் புகழ்ந்துவிட்டு, வரைந்தவரைத் தேடிப் போனார்கள். மணமேடையிலும் எனக்கு மனம் எரிந்தது.

முப்பத்தாறு வயதில் அக்காவின் கால்கள் வீங்கின. அதை எனக்குச் சொன்னவர் கடையில் அவரோடு வேலை செய்த செல்வி. நான்கு மாதங்களாக அவர்தான் தம் ஸ்கூட்டியில் அக்காவை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். நான் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன்.

"ஏத்துற ரத்தத்துல எல்லாம் இரும்பு இருக்குதும்மா. அத வெளிய தள்ள உடம்புக்கு வழி இல்ல. மாத்திர குடுத்தும் முழுசா போவல. முன்ன கல்லீரல்ல படிஞ்சிது. இப்ப கிட்னி திசுவுலயும் படிஞ்சி, அத கெடுத்துக்கினு இருக்குது," என்றார்.

அக்காவை அத்தனை ஆண்டுகள் வாழவைத்த ரத்தமே அந்த இரும்பையும் கொண்டுவந்திருந்தது. அப்போதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல.

"அவங்ககிட்ட சொல்லுவ, கூடப் பொறந்த என்கிட்ட சொல்ல மாட்டியா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னா நீ அழுவ. அப்புறம் நான்தான் உன்ன தேத்திக்கினு உக்காந்திருக்கணும். செல்வி அழ மாட்டா. வண்டிய எடுப்பா."

இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸ் நடந்தது. நான் டிபன் கொண்டுபோகும்போது செல்வி அங்கே இருப்பார். "நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க," என்று அனுப்பிவிடுவேன். அக்கா அவரை வாசல்வரை பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

கடைசியில் இதயமும் தளர்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒருவர்தான் போகலாம் என்றார்கள். செல்வி கதவருகே நின்றிருந்தார். நான் உள்ளே போனேன்.

"செல்வி வந்துக்கிறாளா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா," என்றேன்.

மறுநாள் காலை அவர் போய்விட்டார்.

முகம் தெரியாமல் மாதந்தோறும் ரத்தம் தந்தவர்களுக்கும், டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

செல்வி அக்கா, கடைசியாக அவர் கேட்டது உங்களைத்தான். இதை எழுதும்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. மலரின் முதல் பிரதியை நானே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்கிறேன். உள்ளே கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் விருப்பம்.