மலையடியில் சொன்ன பொய்ப்பெயர்

லண்டன் லூயிஷாமில் என்னோடு ஒரே கடையில் வேலை செய்யும் குகனுடன் சென்ற வருடம் அவனுடைய வான் வண்டியில் அயர்லாந்துக்கு மலை ஏறப் போனேன். மலையடியில் ஆடு வளர்க்கும் கிழவர் ஒருவர் வேலிக் கதவைத் திறந்துவிட்டு, என் பெயரையும் இறங்கும் நேரத்தையும் கேட்டு எழுதிவைக்க ஒரு கொப்பியை எடுத்தார். நான் ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் தந்த வேறு வேறு பெயர்களில் நாலு நாடு கடந்து லண்டன் வந்தவன். எழுதிய பெயர் ஏதாவது அரசாங்கப் பைலுக்குள்தான் போகும் என்ற பயம் எனக்கு. "ராஜன்" என்று பொய் சொன்னேன்.

குகன் சிரித்தான். "அண்ணை, உங்களிட்டை பிரிட்டிஷ் பாஸ்போட் கிடக்கு. ஆட்டுக்காரனுக்கு ஏன் பயப்பிடுறியள்?"

"உனக்குத் தெரியாது. நீ வானுக்குள்ளை இரு, நான் ஏறிப்போட்டு வாறன்."

முகடு முழுக்கப் பாறை. நடுப்பகலில் பனிமூட்டம் மூடியது. வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. போனில் சிக்னல் இல்லை. நெடுநேரத்துக்குப் பின் கீழே யாரோ "ராஜன்! ராஜன்!" என்று கூப்பிட்டார்கள். வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று பேசாமல் இருந்தேன். குரல் தூரப் போனபோதுதான் அது நான் என்று உறைத்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

சொன்ன நேரத்துக்கு நான் இறங்காததால் தேடி வந்த கிழவர் என்னைத் தோளில் தாங்கி இறக்கினார். வேலிக் கதவடியில் ராஜன் இறங்கிவிட்டான் என்று கொப்பியில் அந்தப் பெயரைக் கோடு போட்டு வெட்டினார். வெட்கம் தாங்காமல் என் சொந்தப் பெயரைச் சொன்னேன். அது மேலே நிற்கும் இன்னொருவரின் பெயர் என்று நினைத்து, அவரை எங்கே விட்டாய் என்று பதறியபடி மறுபடியும் மலை ஏறத் தன் ஊன்றுகோலை எடுத்தார்.

பெயர் கேட்டால் இன்னும் தயங்கத்தான் செய்கிறேன். ஆனால் அந்தக் கிழவரை நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.