லாஞ்சில் வாங்கிய அடி

அறுபதுகளின் நடுவில் நடந்தது. போர்ட் பிளேரில் அரசாங்க குமாஸ்தாவாகச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. வாரம் இருமுறை லாஞ்ச் என்ற மோட்டார் படகில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் பெரார்கஞ்ச் போகவேண்டும்.

அக்கரையில் நிற்பது ஒரே பஸ். அதில் இடம் பிடிக்க, கயிறு கட்டும் முன்பே எல்லோரும் லாஞ்சின் ஓரத்துக்கு வந்து குதிக்கத் தயாராக நிற்போம். மெயின்லேண்டிலிருந்து வந்த புதுசு இல்லையா, நான் இன்னும் ஒருபடி மேலே போய்க் கையைக் கம்பிக்கு வெளியே விட்டுக்கொண்டு நின்றேன்.

அன்று அலை அதிகம். லாஞ்ச் படகுத்துறையில், அதாவது ஜெட்டியில், மோதப்போகும் நேரத்தில், கயிறு வீசும் படகுத் தொழிலாளியான லஸ்கர் பாய்ந்து வந்து என் கையில் ஓங்கி அடித்தார். நிலைதடுமாறி ஒரு மீன்கூடைமேல் விழுந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு தினக்கூலி என்னை அடிப்பதா! பின்னால் ஏதோ கூச்சல் கேட்டது; திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன். மாலையே, லஸ்கர் தாக்கினார் என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் புகார் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்தமுறை லாஞ்சில் வேறு ஆள் இருந்தார். அக்கரை ஜெட்டியின் டீக்கடைக்காரர் ராமநாதபுரத்து பாய். டீயை நீட்டியபடி கேட்டார்.

"சார், நீங்கதானே கம்ப்ளெயின்ட் எழுதினது? உங்க கையைத் தட்டிவிட்ட வேகத்துல அவன் கை லாஞ்சுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல் போச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கான். இப்ப உங்க காயிதத்தால வேலையும் போகப்போவுது."

டீயை அப்படியே வைத்தேன். வந்த லாஞ்சிலேயே திரும்பி, புகாரை வாங்கிய அதிகாரி முன் போய் நின்று, அதைத் திரும்பப் பெறவேண்டும் என்றேன்.

"அப்ப முதல்ல எழுதினது பொய்யா?" என்றார்.

"பொய் இல்ல சார். என்ன நடந்துச்சுன்னு பார்க்காம எழுதிட்டேன்."

அதையே எழுதித் தரச் சொன்னார். தப்பு என்னுடையது, லஸ்கர் என் கையைக் காப்பாற்றினார் என்று எழுதினேன். இந்த முறை அரைப்பக்கம்தான் வந்தது. பின்னால் அதனால்தான் லஸ்கரின் வேலை தப்பியது.

எழுதிக் கொடுத்த கையோடு அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், புகார் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன்.

"மாலூம் ஹை, பாபு" என்றார். தெரியுமாம். சொல்லிவிட்டு, நான் உட்காருவதற்காகக் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டார்.

அன்று அந்த இடத்தில் உட்கார நான் பட்ட கூச்சம், இத்தனை வருடம் கழித்தும் யார்மேலாவது சட்டென்று கோபம் வரும்போதெல்லாம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.