கீழ்க்குரல்

பன்னிரண்டு வயதில் திரிபுரசுந்தரியிடம் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் சொன்னது ஒரே வரிதான்: "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்." கட்டைக் குரல், மற்றப் பிள்ளைகளோடு சேரவில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அவள் வாயை மட்டுமே அசைத்தாள். பஜனையிலும் அப்படித்தான், சொந்த மகளின் பிறந்தநாளிலும் அப்படித்தான். தெலுங்கு பேசும் ஊரில், சனத்நகர்ப் பகுதிக் கம்பெனி ஒன்றில் இயந்திர வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை. அங்கே அதிகம் பேசவே தேவைப்படவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹப்சிகுடாவில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது மாடியிலிருந்து பாட்டு கேட்டது. தெலுங்கில் ஒரு நடவுப் பாட்டு. ஒரு குரல் மெட்டைப் பாட, இன்னொன்று அதற்கு மேலே போனது, மூன்றாவது குறுக்கே வந்து சேர்ந்தது. மூன்றும் வேறு வேறாகத்தான் போயின. ஆனாலும் ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. வாத்தியம் எதுவும் இல்லை. கையில் டோக்கனோடு படியேறினாள்.

ஹாலில் மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வங்கி ஊழியரான ஷோபாதான் பாட்டுகளைத் தேடிப் பிடித்துக் குரல் குரலாகப் பிரிப்பவர். பக்கத்தில் அவர் தங்கை பிரசன்னா. மூன்றாவது ஆள் வாசு.

"யாரையும் பார்க்க வரலை, பாட்டைக் கேட்க வந்தேன்" என்று தெலுங்கில் சொன்னாள். அந்தத் தெலுங்குக்குள் இருந்த தமிழை வாசு பிடித்துவிட்டார். அவர் அதே ஊரில் லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"உங்க குரல் நல்லா கீழே இருக்கு மேடம். கீழ்க்குரலுக்குத்தான் எங்ககிட்ட ஆளில்லை. பாடறீங்களா?"

"நக்கோ, வேண்டாம். என் குரல் யாரோடயும் சேராது."

"ஷோபா குரல் வேற, என்னுது வேற. நாங்க சேர்ந்துதானே பாடறோம்?"

அடுத்த ஞாயிறும் போனாள். முதல் இரண்டு மாதம் படுதோல்வி. நாலு அடி போவதற்குள் மெட்டு அவளை இழுத்துக்கொண்டுவிடும்; ஷோபா பொறுமையாக நிறுத்தி மறுபடி தொடங்குவார். வீட்டில் அவர்கள் பாடியதன் கைப்பேசிப் பதிவை ஓடவிட்டபடி சமைத்தாள். நான்காவது மாதம் ஒருநாள், தன் வரியை விடாமல் கடைசிவரை பாடி முடித்தாள். மற்ற மூன்று குரல்களும் தன் மேல் நிற்பது போல இருந்தது.

தம்பி சுதர்சன் புது வீடு கட்டிக் குடிபோன அன்று அவன் மனைவி அஸ்வினி அவளைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டுக் குழுவில சேர்ந்திருக்கேளாமே அக்கா, ஒண்ணு பாடுங்கோளேன்."

அவளுக்குத் தெரிந்தது கீழ்க்குரல் மட்டும். அதையே பாடினாள். தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே இல்லை. இரண்டு மூன்று சுரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. அஸ்வினியின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. நிறுத்திவிடலாமா என்று நினைத்தபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த கணவர் ராஜாராமன் மெட்டை எடுத்தார். மாதக்கணக்கில் சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்குப் பாடமாகியிருந்தது. சுருதி அங்கங்கே ஆடியது. அவள் அவர் பக்கம் போகாமல் தன் வரியிலேயே நின்றாள். இப்போது அது பாட்டாகக் கேட்டது.

இரண்டாம் அடியில் அவருக்கு வார்த்தை மறந்துபோய்த் தன்னனா போட்டார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடி முடித்தாள்.

"இன்னொரு தடவை பாடுங்கோ அத்திம்பேர்" என்றான் சுதர்சன்.

"முதல்ல வார்த்தையைச் சொல்லிக்கொடு" என்றார் ராஜாராமன் அவளிடம்.