ஸ்மிக்ரோனின் வெற்றுப் பலகை

ஏதென்ஸ் சந்தையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஸ்மிக்ரோனுக்கு எல்லாமே விதிதான். ஊசி விரலில் ஏறினால் விதி. இரண்டையும் இடது காலுக்கே தைத்துவிட்டால் அதுவும் விதி. வாங்கியவன் நொண்டிக்கொண்டே வந்து கத்தினால், "விதித் தேவதைங்க அவனவன் விதிய நூலா நூத்தாச்சு, நான் என்னப்பா பண்றது?" என்பார்.

அந்த வசந்தத்தில், தியோனிசோஸ் திருவிழா நாடகப் போட்டிக்கு நடுவராகக் குலுக்கல் குடத்திலிருந்து அவர் பெயர் வந்து தொலைத்தது. குலத்துக்கு ஒருவராகப் பத்து நடுவர்கள். அதில் இவரும் ஒருவர். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் நாடகத்துக்குச் செலவு செய்தவர் தோல் வியாபாரி பைதிமோஸ். "தோலு எங்கிட்டதான வாங்குற? ஞாபகம் இருக்கட்டும்."

"ஆகட்டும் முதலாளி."

இரண்டாவதன் பாட்டுக்குழுவில் மைத்துனன் தெலெசோன். "மச்சான், கைவிட்டீங்கன்னா அக்கா மொகத்துல எப்படி முழிப்பீங்க?"

"ஆகட்டும்டா."

அந்த இரண்டு நாடகங்களிலும் அரசர்கள் ஆருடத்துக்குப் பயந்து ஓடி, நேராக அதன் மடியிலேயே போய் விழுந்தார்கள். ஸ்மிக்ரோன் திருப்தியாகத் தலையாட்டினார். மூன்றாவதில் ஒரு கிழட்டு ராணி, "ஆருடம் ஆயிரம் சொல்லட்டும், கதவைத் திறந்தது என் கை" என்றாள். ஏனோ அவருக்கு அழுகை வந்தது. மேலாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு எழுதும் வேளையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நடுவர்கள் எழுதிக் குடத்தில் போடும் பத்து மெழுகுப் பலகைகளில், கைக்கு வந்த ஐந்தைத்தான் எடுத்துப் படிப்பார்கள். வெறும் பலகையைப் போட்டுவிட்டு, 'உனக்குத்தான் எழுதினேன், குடம் எடுக்கலையே' என்று இருவரிடமும் சொல்லிவிடலாம். போட்டார்.

நான்கு பலகைகள் வந்தன. பைதிமோஸுக்கு இரண்டு, தெலெசோனின் குழுவுக்கு இரண்டு. ஐந்தாவதை அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் மெழுகு. ஓரத்தில் ஸ்மிக்ரோனின் குலக்குறி.

"யாருய்யா இது? முன்னாடி வா. வாயாலயே சொல்லு."

"குடம் எடுத்தது... விதி..."

"குடம் எடுத்துச்சு, சரி. எழுதாம போட்டது யாரு கை?"

பல்லாயிரம் பேர் சிரித்தார்கள். பைதிமோஸ் தாடியை நீவினார். மைத்துனன் கையை ஆட்டினான். ஸ்மிக்ரோன் வாயைத் திறந்தார்.

"மூணாவது," என்றது வாய். "அந்தக் கிழவி நாடகம்."

முதல் இரண்டும் சமமாக நின்றதால் ஆறாவது பலகையை எடுத்தார்கள், பைதிமோஸ் ஜெயித்தார். ஜெயித்தும் மறுநாளிலிருந்து கடைக்குத் தோல் வரவில்லை. மைத்துனனும் வாசல் மிதிக்கவில்லை.

மனைவி மிர்த்தலே மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள்: "நெஜமாவே அது புடிச்சுதா?"

"புடிச்சுது. அழுதுட்டேன்."

"அப்ப அதையே நெஞ்ச நிமித்திச் சொல்ல வேண்டியதுதான? ஆயுசுல நீங்களா பண்ண ஒரே காரியம்."

ஸ்மிக்ரோன் பதறிப்போய் வாசலைப் பார்த்தார். "மெதுவாப் பேசுடி! தேவதைங்கதான் என் நாக்கைப் புடிச்சு இழுத்தாங்கன்னு தெரு பூராச் சொல்லி வச்சிருக்கேன்."

மிர்த்தலே எழுந்து, வீட்டில் மிச்சமிருந்த கடைசித் தோலை அவர் மடியில் போட்டாள்.

"இதுலயாவது வலது காலு ஒண்ணு தைங்க."