வாசல் கல்லில் பதினெட்டாம் இலக்கம்

முத்தையாபுரத்தில் புதுவீடு கட்டுகிறவர்கள் வாசல் கல்லில் மனைவி பெயரையோ சாமி பெயரையோ வெட்டிவிட்டுப் பேசாமல் குடிபோய்விடுவார்கள். அற்புதமணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உப்பு லாரிகளை எடைபோடும் வேபிரிட்ஜில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவருக்கு, லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஜீட்டா பிடித்துவிட்டது.

வியாதி அல்ல, கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வோர் எண்ணையும் மூன்று தடவை எழுதிப் பெருக்கி, ஒன்றை அதால் வகுத்து, வந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவான ஓர் எண்ணை நெருங்கும். அதுதான் ஜீட்டா மூன்று. அதன் தசமங்களுக்கு முடிவு கிடையாது. நேர்வழியில் கூட்டினால் இருபது தசமத்துக்கே ஆயுசு பத்தாது. ஆகவே அறிவாளிகள் கண்டுபிடித்த குறுக்குவழியில், மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் இருபத்தேழு வரிகளைக் கையாலேயே போட்டார்.

"நெட்டுலயே கெடக்குமே அண்ணாச்சி" என்ற டிரைவரிடம், "நெட்டுல சீலா மீன் படமும் கெடக்கு. குழம்பு வைப்பியா?" என்று கேட்டார்.

அந்த இருபது தசமமும் வாசல் கல்லில் ஏறவேண்டும் என்பது அவர் ஆசை. 'பிரேமா இல்லம்' என்று எதிர்பார்த்திருந்த மனைவி பிரேமா ஒரு நிபந்தனை போட்டாள்.

"வெட்டிக்கிடுங்க. ஒரு எண்ணு தப்புனாலும், அங்கன இருந்து என் பேருதான்."

"தப்பாதுளா."

கல் வெட்ட சுடலைமாடன் வந்தான். புள்ளிக்குப் பின்னே இருபது கட்டம் கோடு போட்டான்.

"இது யாரு செல் நம்பரு அண்ணாச்சி? இம்புட்டு நீளமா இருக்கு?"

அற்புதமணி நோட்டைப் பார்த்து வாசிக்க, அவன் வெட்ட, பிரேமா செல்போனை வைத்து ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தாள். பதினேழு இலக்கம் பழுதில்லாமல் போயிற்று.

"அடுத்தது நாலு" என்றார்.

"உளியக் கல்ல விட்டு எடுங்க. செல்லுல அஞ்சுன்னுல்லா போட்டிருக்கு" என்றாள் பிரேமா.

அற்புதமணி நோட்டைப் புரட்டினார். இருபத்தேழு வரியிலும் இருபதாம் இலக்கம் பூஜ்யம். வேபிரிட்ஜ் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். கடைசி எண் என்றால் பூஜ்யம் என்று பழகிப்போன கை, அவரைக் கேளாமலே ஒன்பதையும் ஏழையும் பூஜ்யமாக்கியிருந்தது. வரிக்கு வரி சிந்திய அந்தத் துணுக்குகள் சேர்ந்து கடைசி மூன்று இலக்கத்தைத் தின்றுவிட்டன.

"அஞ்சுன்னே வெட்டிருவோம் அண்ணாச்சி. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லே."

"அப்போ மூணு கட்டம் சும்மா கெடக்கே?"

பிரேமா விரல் விட்டு எண்ணினாள். பி, ரே, மா. கட்டம் கச்சிதமாக இருந்தது.

அந்த வாசலில் இன்றும் 1.20205690315959428பிரேமா என்றுதான் இருக்கிறது. வேபிரிட்ஜில் உட்கார்ந்து, இருபதாம் இலக்கத்தையும் மதித்து, அற்புதமணி முதல் வரியிலிருந்து மறுபடி போட்டு முடித்துவிட்டார். 539 என்று சரியாகவே வந்தது. பெயரை எடுத்துவிட்டு அதை வெட்டலாமா என்று இதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் பிசகுவது கணக்கில் மட்டும்தான்.