மலரின் கடைசி ஏடு

வேதா, ஆதிமூலத்தின் ஒரே மகள். பிறந்தது 1958, கீழ்பென்னாத்தூர். குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மணிலாக் கடலைக் காடு. 1979ஆம் ஆண்டு தை மாதம் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் நூலகத் துறை நடத்திய ஆறு மாத வகுப்பில் சேர்ந்தாள். ஒரு செய்தியை எங்கே தேடுவது, எதுவரை நம்புவது என்பதே பாடம்.

அந்த ஆண்டு ஆடித் திருவிழாவுக்கு முன்பே, ஊர் மாரியம்மன் கோயில் முதல் மரியாதை கேட்டு, அதுவரை அதைப் பெற்றுவந்த கண்ணாயிரம் குடும்பத்தார்மீது வழக்குத் தொடர ஆதிமூலம் முடிவு செய்தார். கோயிலைக் கட்டியவர் தம் பாட்டனார் என்பதற்கு அவரிடம் இரண்டு அச்சுச் சான்றுகள் இருந்தன: 1964இல் வந்த குடமுழுக்கு மலர், 1971இல் வந்த ஊர் வரலாற்று நூல். வீட்டிலிருந்த மலரின் கடைசி ஏட்டைச் செல் அரித்திருந்தது.

'ஒரு செய்தியை அதன் பிறப்பிடம்வரை பின்தொடர்க' என்று வகுப்பில் பயிற்சி வந்ததும், வேதா இதையே எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்கு மூன்றாவது சான்று ஒன்று கிடைக்கட்டுமே என்பது அவள் எண்ணம்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை, கல்லூரி நூலகம். வரலாற்று நூலின் அடிக்குறிப்பு மலரைச் சுட்டியது. சீட்டு எழுதிக் கொடுத்து மலரை வாங்கினாள். நூலகப் பிரதியில் கடைசி ஏடு பழுதின்றி இருந்தது: 'கோயில் வரலாற்றை வாய்மொழியாகக் கூறி உதவியவர் திரு. ஆதிமூலம்.'

நூலகர் சகாதேவன் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு புக்கு இல்லம்மா இது. வாய் ஒண்ணு, எதிரொலி ரெண்டு."

"அது எங்கப்பா வாய்ங்க சார்."

மணி இரண்டு இருபது. மூன்று மணிக்கு வக்கீல் அருணகிரியின் அறையில் அப்பா பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திடுவார். மலரை அலமாரிக்கே திருப்பியிருக்கலாம்; யார் தேடப்போகிறார்கள்? அவள் அந்த வரியை எழுதிக்கொண்டு ஓடினாள்.

பேனா அப்பாவின் கையில் இருந்தது.

"வாம்மா, காலேஜு! மூணாவது ஆதாரம் கொண்டாந்துட்டியா?" என்றவர் வக்கீலிடம் திரும்பினார். "எம் பொண்ணு பூமியத் தோண்டியாவது எடுத்துருவாங்க."

மூச்சு வாங்க அவள் வாசித்துக் காட்டினாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்களே சொல்லிட்டு, நீங்களே சாட்சியா காட்டுறீங்களாங்க?"

"எங்கப்பா சொன்னதத்தாங்க சொன்னேன். அது பொய்யா?"

"பொய்னு நான் சொல்லலப்பா," என்றாள் வேதா. "அந்த ரெண்டு புக்கும் உங்க பேச்சுதான். தனிச் சாட்சினு சத்தியம் பண்ணிடாதீங்க."

"கண்ணாயிரம் கேட்டிருந்தா பதில் வெச்சிருப்பேன். கேக்குறது நீயாச்சே."

கையெழுத்து விழவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "பஸ்சுக்குத் தனியா வா," என்றார்.

அந்த ஆடியிலும் முதல் மரியாதைப் பரிவட்டம் கண்ணாயிரத்தின் தலையில்தான் ஏறியது. வேதா வகுப்பை முடித்து, அதே நூலகத்தில் பணிக்குச் சேர்ந்தாள்.

தந்தை மகளோடு பேசாதிருந்த காலம்: ஆறு ஆண்டு, இரண்டு மாதம்.