தலைவர் வீட்டு அவரைக்காய்

தொண்டு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவனுக்கு ஒரு நிரந்தரக் கஷ்டம் உண்டு: காலையில் குளித்து, சட்டை மாற்றி, பஸ் ஏறிப் போய், சாயங்காலம் களைத்துத் திரும்பினாலும், "அது சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்றுதான் ஊர் கேட்கும். சங்கம், சபை, அறக்கட்டளை என்று எதிலாவது மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதில்லை. எண்பதுகளில், ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டே இருந்த சமயம், மத்திகிரியில் ஒரு பிள்ளைகள் காப்பகத்துக்கு நான் நிர்வாகி. கம்பெனி வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு, ஷிப்டு முடிந்து கூட்டிப் போவார்கள். மேலே தலைவர் நஞ்சப்பா. அவருக்குக் கீழே நிர்வாகக் குழு. அதற்குக் கீழே நான். எனக்குக் கீழே டீச்சர்கள் இருந்தால் அது அந்த மாதத்து அதிர்ஷ்டம்.

நிற்காத கால்கள்

எங்கள் டீச்சர்களுக்குக் காது எப்போதும் ரோட்டின் மேல்தான். கம்பெனி பஸ் ஹாரன் கேட்டால் பாட்டு பாதியில் நின்றுவிடும். ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து, அழுகிற பிள்ளையை எப்படித் தூக்குவது, கடிக்கிற பிள்ளையை எப்படிப் பிரிப்பது என்று சொல்லிக்கொடுத்து முடிப்பேன். அடுத்த திங்கட்கிழமை அவள் நீலச் சட்டை போட்டு அந்தப் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்துப் போவாள். குறை சொல்ல முடியாது. எங்கள் சம்பளத்தில் நானே நிம்மதியாகத் தூங்கியதில்லை. பெங்களூரில் வேலை காலி என்று யாராவது சொன்னால் என் காதும் நிமிரும்.

ஒருமுறை வேலை கேட்டு வந்த பெண்ணிடம், புத்தகத்தில் படித்ததுபோல, "இந்த வேலைக்கு ஏம்மா வர ஆசைப்படறே?" என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கம்பெனியில கூப்பிடற வரைக்கும் வூட்ல சும்மா குந்தாதன்னு அம்மா சொல்லிச்சுங்க சார்."

நிர்வாகக் குழு

குழுக் கூட்டம் தலைவர் வீட்டுக் கூடத்தில் நடக்கும். தலைவரின் தம்பி, மைத்துனர், சம்பந்தி, ஒன்றுவிட்ட அண்ணன். காப்பகத்தை இவர்களில் பாதிப்பேர் திறப்பு விழாவன்று பார்த்ததோடு சரி. நஞ்சப்பா மட்டும் அப்படியில்லை. தன் நிலத்தில், தன் கைக்காசில் அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் அவர். அதனாலேயே ஜன்னலுக்குக் கொக்கி போடுவதென்றாலும் அவர் தலையாட்ட வேண்டும்.

ஒரு கூட்டத்தில், பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், டீச்சர் போதவில்லை, கேட்டுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை என்று சொன்னேன். பேச்சு எப்படியோ மாந்தோப்புக்குப் போயிற்று. பூ உதிர்ந்தது பற்றியும், கிருஷ்ணகிரி மண்டிக்காரர்கள் பற்றியும் நல்ல விவாதம் நடந்தது. கேசரி வந்தது. நான் மறுபடியும், "கேட்டு விஷயம்..." என்று இழுத்தேன். மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் அன்பாகத் தட்டினார்.

"எல்லாத்துக்கும் சரின்னு எழுதிக்க தம்பி. மாமா என்ன நெனைக்கிறாரோ அதையேதான் நாங்களும் நெனைச்சோம்."

பிதுக்கம் பருப்பு

எங்களிடம் நின்று நிலைத்தவள் ரத்னம்மா ஒருத்திதான். தமிழ்ப் பிள்ளையை "இங்க வா" என்பாள், கன்னடப் பிள்ளையை "இல்லி பா" என்பாள், தெலுங்குப் பிள்ளையை "இக்கட ரா" என்பாள். மூன்றும் ஒரே மூச்சில் வரும். மூன்று பிள்ளைகளும் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ளும்.

பனிக்காலத்தில் எங்கள் பக்கம் அவரைக்காய் என்று சொல்கிற மொச்சை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு பிதுக்கம் பருப்புக் குழம்புதான். கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். அன்று தலைவர் வீட்டில் பெங்களூர் விருந்தாளிகள். பிதுக்க ஆள் வேண்டும் என்று தலைவரின் மனைவி சொல்லியனுப்ப, ரத்னம்மா எழுந்து போக வேண்டியதாயிற்று. போகாமலிருக்க அவளால் முடியாது; லீவு தருவதும் வேலை தருவதும் அந்த வீடுதான். நான் அரசு அலுவலக வேலையாகக் கிருஷ்ணகிரி போயிருந்தேன். காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும் இருந்தாள். அவள் ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள், கம்பெனிக்குப் போகும் கௌரம்மாவின் மகன் சீனு கேட்டைத் தாண்டிவிட்டான்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தெருவே அவனைத் தேடிக்கொண்டிருந்தது. லாரி போகிற ரோடு. கிணற்றில் எட்டிப் பார்த்தார்கள், புதரில் தேடினார்கள். ரத்னம்மா பருப்புப் பிசுக்குப் பிடித்த கையோடு பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். கடைசியில் மாட்டுப்பண்ணை வேலியோரம் அவன் உட்கார்ந்திருந்தான். கன்றுக்குட்டி பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். கௌரம்மா ஷிப்டு விட்டு வந்தாள். நடந்ததைக் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள்.

"கெடைச்சுட்டான், சரி. கெடைக்காம போயிருந்தா நான் யாரு வாசல்ல போயி நிக்கணும்? அத மட்டும் சொல்லுங்க சார்."

குற்றம்

அந்தக் கேள்வியோடு அன்று ராத்திரி நடந்துகொண்டே இருந்தேன், ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மறுநாள் காலையில் நேராகத் தலைவரிடம் போனேன். டீச்சர்களை யாரும் வீட்டு வேலைக்குக் கூப்பிடக் கூடாது, காப்பகத்தின் உள் விஷயங்களை ரத்னம்மா முடிவு செய்யட்டும், குழுவில் சொந்தக்காரர்களைக் குறைத்து அம்மாக்களைச் சேர்க்க வேண்டும் என்றேன். இல்லாவிட்டால் நான் இருக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டு வாடகை ஞாபகம் வந்தது.

அவர் முகம் சிவந்தது. "என் நெலம், என் கட்டடம்" என்று ஆரம்பித்தார். பிறகு ஏனோ குரல் இறங்கிவிட்டது. நேற்று அவரும் செருப்பில்லாமல் ரோட்டில் ஓடியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"நான் ஆரம்பிச்சப்போ ஒரு மனுசன் கூட வரலை தம்பி. இப்ப நான் இருக்கறதே குத்தமாப் போச்சா?"

பெஞ்சு

அடுத்த கூட்டம், தலைவரே சொல்லி, முதல்முறையாகக் காப்பகத்திலேயே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டு இல்லாத நாள். மைத்துனர் தோப்பு வேலை என்று சொல்லி வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கௌரம்மாவும் இன்னொரு அம்மாவும் குழுவில் சேர்ந்திருந்தார்கள். இருந்ததோ ஒரே பெஞ்சு. தலைவர் பழக்கத்தில் நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண்களும் சுவரோரம் நின்றார்கள்.

அதைக் கவனித்ததும் நஞ்சப்பாவுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டு, "இனிமே நீங்களே நடத்திக்கங்க, எனக்கென்ன இங்க வேலை" என்று எழுந்தார். கட்டடம் அவருடையது. அவர் கோபித்துப் போனால் பிள்ளைகளைத் தெருவில்தான் உட்காரவைக்க வேண்டும். நான் வாசலை மறிக்கப் போவதற்குள் கௌரம்மா முன்னால் வந்தாள்.

"நீங்க எதுக்கு எழுந்து போகணும் ஐயா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, போதும்."

நான் போன பிறகு

அவர் தள்ளி உட்கார்ந்தார். கேட்டுக்கு ஆள் போட்டோம். ரத்னம்மா பொறுப்பாசிரியை ஆனாள். புதிய டீச்சர்களை அவளே பேசிப் பார்த்து எடுத்தாள். அவர்களும் போனார்கள், ஆனால் அடுத்தவள் வந்து பழகிய பிறகுதான் போனார்கள். தலைவர் பதவி முறைவைத்து மாற வேண்டும் என்று நஞ்சப்பாவே சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. எல்லாம் ஓடத் தொடங்கியதும் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பெங்களூர் வேலை ஒன்று கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம் பார்க்கப் போனேன். நான் இல்லாமல் என்னென்ன சிக்கலோ என்று வழியெல்லாம் கவலை. உள்ளே பிள்ளைகள் வரிசையாகப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "என்ன ரத்னம்மா, எல்லாம் எப்படி..." என்று ஆரம்பித்தேன். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"உக்காருங்க சார். ஆனா பேசாதீங்க, இப்பதான் தூங்க வெச்சேன்."

நாம் இல்லாமலும் நடக்கிற இடத்தை உருவாக்குவதே நல்ல நிர்வாகம் என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படி அது நன்றாக நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அன்று ஏன் சோறு இறங்கவில்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித்தருவதில்லை.